மச்சு அறையில் ஒரு வானொலி நிலையம்

ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் எங்க வகுப்பில் எல்லாரும் நிலாவில் கால் வைத்தவர் தானேன்னு கேட்டாங்க. அவர் நீல் ஆம்ஸ்ட்ராங். இவர் எட்வின் ஹோவார்டு ஆம்ஸ்ட்ராங். நீல் நிலாவில் இறங்கியது 1969-ல். அதற்கு 15 வருஷம் முன்னாடியே இவர் இறந்துட்டார். ஆனால் பஸ்ஸிலும் டீக்கடையிலும் நாம கேட்கிறோமே எஃப்.எம்., அது இவர் உண்டாக்கியது.

போன மாதம் இயற்பியல் ஆய்வகத்தில் சார் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் தகர டப்பிகள் இருந்தன. தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று வண்ணம். ரேடியோ மெக்கானிக்குகள் இதை ஐ.எஃப். காயில் என்பார்கள். இதற்குக் காரணமானவரும் இதே ஆம்ஸ்ட்ராங் தான் என்று சார் சொன்ன பிறகுதான் எனக்கு இவர் மேல் ஆசை வந்தது. தேடிப் படித்தேன். படித்து முடித்த அன்னிக்கு ராத்திரி எனக்குச் சரியாத் தூக்கம் வரல. ஏன்னு கடைசியில் உங்களுக்கே தெரியும்.

ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தார். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி பள்ளி ஆசிரியை. இரண்டு தங்கைகள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இவருக்கு நரம்புக் கோளாறை விட்டுப் போனது. கழுத்தும் தோளும் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். இரண்டு வருஷம் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தார். அந்த இழுப்பு கடைசி வரைக்கும் போகவே இல்லை.

பிறகு குடும்பம் யாங்கர்ஸ் என்ற ஊருக்கு மாறியது. நியூயார்க்குக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது. வீடு மேட்டில், கீழே ஆறு. கூரைக்குக் கீழே இருந்த மச்சு அறை இவருக்குக் கிடைத்தது. அப்பா ஒரு தடவை லண்டன் போய்விட்டு வரும்போது கண்டுபிடிப்புகளைப் பற்றிய சிறுவர் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். அதில் மார்க்கோனியின் கதை இருந்தது. அவ்வளவுதான், 14 வயதில் பையன் முடிவு பண்ணிட்டான்: நானும் கண்டுபிடிப்பாளன் தான்!

அந்தக் காலத்தில் கடைக்குப் போய் ரேடியோ வாங்க முடியாது. ஒலிபரப்பு நிலையமே கிடையாது. காற்றில் இருந்ததெல்லாம் தந்தி மாதிரி புள்ளியும் கோடும் தான். கப்பல்களும் சில பெரிய நிலையங்களும் அனுப்பிக்கொண்டிருந்தன. அதைக் கேட்க விரும்பிய பையன்கள் காயிலைத் தாங்களே சுற்றி, கண்டன்சரைத் தாங்களே செய்து, ஹெட்ஃபோனை மட்டும் எப்படியோ வாங்கி மாட்டிக்கொள்வார்கள். இவர்களைத்தான் அமெச்சூர்கள் என்றார்கள். பின்னாளில் ஹாம் என்று பெயர் வந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் மச்சு அறை இப்படித்தான் நிறைந்தது. சத்தம் மிக மெலிசாகக் கேட்டது. என்ன செய்யலாம்? ஆன்டெனாவை உயர்த்தலாம். 1910-ல் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டார். கொஞ்சம் உயரம் இல்லீங்க, 125 அடி! நம்ம பள்ளிக் கொடிக்கம்பத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கினால்தான் அது வரும். கயிற்றில் ஒரு பலகையைக் கட்டி, அதில் உட்கார்ந்து, தன்னைத் தானே மேலே இழுத்துக்கொண்டு போய் வேலை பார்த்தார். உயரம் என்றால் இவருக்குப் பயமே கிடையாது. இது பின்னாடி ஒரு வம்புக்கும் காரணமாகும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பா ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அதில்தான் 1909 முதல் தினமும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் வந்தார். மின்பொறியியல் படித்தார். இரவில் மறுபடி மச்சு அறை.

இப்போ கொஞ்சம் அறிவியல், பயப்படாதீங்க. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் ஆடியான் என்ற வால்வைச் செய்திருந்தார். பல்பு மாதிரி இருக்கும். உள்ளே சூடாகும் இழை, எதிரே ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவே கம்பி வலை. வலைக்கு வரும் சின்ன மின்சாரம் தகடுக்குப் போகும் பெரிய மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். இது எப்படி வேலை செய்கிறது என்று அதைச் செய்தவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஆம்ஸ்ட்ராங் அதைப் பொறுமையாக அளந்து பார்த்தார். தகடு பக்கம் வெளியே வரும் அலையில் கொஞ்சத்தை எடுத்து, மறுபடியும் வலைக்கே கொடுத்தால் என்ன ஆகும்? பெரிதானது திரும்பவும் பெரிதாகும், திரும்பவும் பெரிதாகும். 1912 செப்டம்பர் 22 அன்று இரவு செய்து பார்த்தார். காதில் வைத்து அழுத்திக் கேட்ட சத்தமெல்லாம் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாலும் கேட்டது. நடு ராத்திரியில் தங்கையின் அறைக்கு ஓடிப் போய், சாதிச்சுட்டேன்னு குதித்துக் குதித்து எழுப்பிவிட்டாராம்.

ஆண்டு விழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் கூ...ன்னு கத்துமே, அதே தத்துவம் தான். கத்தும் எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தினால் அது பிரமாதமான ரிசீவர். எல்லையைத் தாண்ட விட்டால் வால்வே தானாக அலையை உண்டாக்கும், அதாவது டிரான்ஸ்மிட்டர். ஒரே சுற்றில் இரண்டு கண்டுபிடிப்பு! அப்போ அவருக்கு வயசு 21.

காப்புரிமை வாங்கப் பணம் வேண்டும். படிப்பை முடி, பிறகு பார்க்கலாம்னு அப்பா சொல்லிட்டார். மோட்டார் சைக்கிளையே விற்றார், அப்பவும் போதவில்லை. சுற்றின் படத்தை வரைந்து, 1913 ஜனவரி 31 அன்று ஒரு நோட்டரியிடம் போய் 25 சென்ட் கொடுத்து முத்திரை வாங்கி வைத்தார். விண்ணப்பம் போட்டது அந்த வருஷம் அக்டோபரில் தான். இந்தத் தாமதத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. அந்த ஜனவரி 31-ஐயும்.

1914 ஜனவரி கடைசியில், குளிர் நடுங்கும் ஓர் இரவில், நியூ ஜெர்சியின் பெல்மார் என்ற இடத்தில் ஒரு குடிசைக்குள் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து, இந்தக் கருவியில் அயர்லாந்தையும் ஹொனலுலுவையும் கேட்டார்கள். ஒருவர் ஆம்ஸ்ட்ராங். இன்னொருவர் மார்க்கோனி கம்பெனியில் வேலை பார்த்த டேவிட் சார்னாஃப். இருவரும் நல்ல நண்பர்கள் ஆனார்கள். சார்னாஃப் பின்னாளில் ஆர்.சி.ஏ. என்ற மிகப் பெரிய ரேடியோ கம்பெனியின் தலைவர் ஆனார்.

முதல் உலகப் போரில் ஆம்ஸ்ட்ராங் ராணுவ அதிகாரியாகப் பாரிஸில் இருந்தார். 1918-ல் அங்கே அவருக்குத் தோன்றியது தான் சூப்பர்ஹெட்டரோடைன். வாயில் நுழையாத பெயர், விஷயம் எளிது. எந்த நிலையத்தின் அலை வந்தாலும் அதை முதலில் ஒரே ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடு. பிறகு அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் நன்றாகப் பெருக்கு. ஆய்வகத்தில் பார்த்த தகர டப்பிகள் இந்த வேலைக்குத்தான். ரேடியோ, டி.வி. என்று எத்தனையோ பெட்டிகளில் இந்த யோசனை தான் ஓடியது.

இந்தக் காப்புரிமைகளை விற்று ஆம்ஸ்ட்ராங் பெரிய பணக்காரர் ஆனார். ஆனாலும் அமெச்சூர் புத்தி போகவில்லை. அந்தக் கதை தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1912 சட்டப்படி அமெச்சூர்களுக்கு 200 மீட்டருக்கும் குறைவான அலைநீளம் தான் ஒதுக்கப்பட்டது. அது தூரம் போகாது, ஒன்றுக்கும் உதவாது என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். அதில் அட்லாண்டிக் கடலைத் தாண்ட முடியுமா? 1921 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சில் ஆறு அமெச்சூர்கள் சேர்ந்து ஒரு நிலையம் கட்டினார்கள். ஆம்ஸ்ட்ராங், ஏமி, பர்கார்டு, கிராங்கைட், கிரினன், இன்மன். 1பி.சி.ஜி. என்பது நிலையத்தின் அழைப்புப் பெயர். ஒரு சின்ன ஷெட். நான்கு வால்வுகள்: ஒன்று அலையை உண்டாக்க, மூன்று அதைப் பெருக்க. ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான சக்தி, அதாவது இன்றைய ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு! அலைநீளம் சுமார் 230 மீட்டர்.

அங்கே ஸ்காட்லாந்தில், ஆர்ட்ராசன் கடற்கரையில், பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர் கூடாரம் போட்டுக் காத்திருந்தார். மழை, காற்று, குளிர். 1,300 அடி நீளத்துக்கு ஆன்டெனா வயர் இழுத்திருந்தார். கையில் சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர். டிசம்பரில் ஒரு முழுச் செய்தி தெளிவாக வந்து சேர்ந்தது. ஒரு வாழ்த்தும், அனுப்பிய ஆறு பேரின் பெயர்களும், அவ்வளவுதான் செய்தி. அமெச்சூர்களின் அலை கடலைத் தாண்டிவிட்டது. அமெச்சூர்கள் கையால் செய்த நிலையம்!

உயரம் பற்றிச் சொன்னேனே. 1923-ல் நியூயார்க்கில் ஆர்.சி.ஏ. நிலையத்தின் கட்டடத்து மேலே இருந்த கோபுரத்தில் ஏறி, உச்சியில் இருந்த இரும்பு உருண்டை மேல் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சார்னாஃபுக்குச் செம கோபம், இனி அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு தடை போட்டார். ஆம்ஸ்ட்ராங்குக்குக் கவலையே இல்லை. அந்த போட்டோ சார்னாஃபின் செயலாளர் மேரியன் மெக்கின்னிஸைக் கவரத்தான்! அதே வருஷம் டிசம்பர் 1-ல் இருவருக்கும் கல்யாணம். மாப்பிள்ளை கொடுத்த பரிசு என்ன தெரியுமா? கையில் தூக்கிக்கொண்டு போகிற சூப்பர்ஹெட்டரோடைன் ரேடியோ. கடற்கரை மணலில் அந்தப் பெட்டியோடு இருவரும் உட்கார்ந்திருக்கும் படம் இன்னமும் இருக்கிறது. பெட்டி ஒரு சூட்கேஸ் சைஸ்.

இதுவரைக்கும் எல்லாம் வெற்றி. ஆனால் இன்னொரு பக்கம் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மச்சு அறைக் கண்டுபிடிப்பு தன்னுடையது என்றார் டி ஃபாரஸ்ட். 1912 ஆகஸ்ட்டிலேயே தன் சுற்றில் ஊளைச் சத்தம் கேட்டதாக ஒரு குறிப்பேட்டைக் காட்டினார். அந்த ஊளையை அவர் பயன்படுத்தவில்லை, அது என்ன என்று அவருக்குப் புரியவும் இல்லை என்பது ஆம்ஸ்ட்ராங் பக்கத்து வாதம். சுமார் 20 வருஷம் இழுத்தது. 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நோட்டரி முத்திரை 1913 ஜனவரியில் தானே? மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் முன்னாடியே விற்றிருக்கக் கூடாதான்னு எனக்கு இருந்தது.

ரேடியோ பொறியாளர் சங்கம் 1917-ல் தன் முதல் கௌரவப் பதக்கத்தை இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் ஆம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்திருந்தது. தீர்ப்பு வந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்க அவர் சங்கத்தின் மாநாட்டுக்குப் போனார். தலைவர் வாங்க மறுத்துவிட்டார். பதக்கம் உங்களுடையது தான் என்று சங்கம் மறுபடியும் உறுதி சொன்னது. கூட்டத்தில் இருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நீதிமன்றம் ஒன்று சொன்னது, சுற்றைக் கையால் செய்து பார்த்தவர்கள் வேறு சொன்னார்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவிலேயே தான் எஃப்.எம். பிறந்தது. சாதாரண ஏ.எம். ரேடியோவில் இடி மின்னல் என்றால் கரகரன்னு இரையும். வீட்டில் மிக்ஸி போட்டாலும் அதே கதி. ஏன்? தூரத்தில் ஒருவர் விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்தி சொல்வதாக நினைச்சுக்கோங்க. நடுவில் புழுதி பறந்தாலும் வெளிச்சம் மாறும், செய்தி கெட்டுப் போகும். அவரே வெளிச்சத்தை அப்படியே வைத்து விளக்கின் நிறத்தை மாற்றிச் செய்தி சொன்னால்? புழுதியால் நிறத்தை மாற்ற முடியாது. எஃப்.எம். அப்படித்தான், அலையின் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை மாற்றுகிறது. அதிர்வெண்ணை மிகக் கொஞ்சமாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று நினைத்த மற்றவர்கள், இதில் பயன் இல்லை என்று கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங் தலைகீழாக யோசித்தார், தாராளமாக மாற்றினார். அமெரிக்காவில் ஓர் ஏ.எம். நிலையத்துக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடம், எஃப்.எம். நிலையத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ். 1933 டிசம்பர் 26-ல் காப்புரிமைகள் கிடைத்தன.

சார்னாஃப் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் சோதனைக்கு இடம் கொடுத்தார். 1934-ல் சோதனை தொடங்கியது, 70 மைல் தாண்டியும் தெளிவாகக் கேட்டது. ஆனால் 1935-ல் டெலிவிஷன் வேலை இருக்கிறது, காலி செய் என்று ஆர்.சி.ஏ. சொல்லிவிட்டது. ஆர்.சி.ஏ.வின் வியாபாரம் முழுக்க ஏ.எம்.மில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

அப்போ கை கொடுத்தது யார்? மறுபடியும் ஓர் அமெச்சூர்! யாங்கர்ஸில் இருந்த பழைய நண்பர் ரன்யன். டபிள்யூ2ஏ.ஜி. என்ற அவருடைய வீட்டு நிலையத்தில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். 1935 நவம்பர் 5-ல் நியூயார்க்கில் பொறியாளர் சங்கக் கூட்டம். ஆம்ஸ்ட்ராங் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். நேரம் பார்த்து ரன்யன் வீட்டு ஜெனரேட்டர் எரிந்துபோச்சு, பேச்சை இழு என்று சீட்டு வந்ததாகச் சொல்வார்கள். இழுத்தார். பிறகு ரிசீவர் பேசியது. டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம், காகிதத்தைக் கசக்கும் சத்தம், மணி அடிக்கும் சத்தம். இரைச்சலே இல்லாமல், பக்கத்து அறையில் நடப்பது மாதிரி. ரேடியோவில் அப்படி அதுவரை யாரும் கேட்டதில்லை.

பிறகு ஆம்ஸ்ட்ராங் தன் பங்குகளை விற்று, நியூ ஜெர்சியின் ஆல்பைனில் 425 அடிக் கோபுரம் கட்டினார். சிறு வயதில் 125 அடிக் கம்பம் நட்ட வீட்டுக்கு ஆற்றின் அக்கரை அது. 1939-ல் வழக்கமான ஒலிபரப்பு தொடங்கியது. 1940-ல் ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலர் தருகிறோம், அதோடு சரி என்றது. மற்ற கம்பெனிகள் எல்லாம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் பங்கு தருகின்றன, உனக்கு மட்டும் ஏன் சலுகை என்று அவர் மறுத்துவிட்டார். இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபம் கூட வந்தது, வாங்கிட்டு நிம்மதியா இருந்திருக்கலாமே! ஆனால் இவரே தான் இரண்டாம் உலகப் போரின்போது காப்புரிமைப் பணம் ஒரு பைசா வேண்டாமென்று ராணுவத்துக்கு எஃப்.எம்.மை இலவசமாகக் கொடுத்தவர். பணத்துக்காகப் பிடித்த பிடிவாதம் இல்லை இது.

1945-ல் அரசு எஃப்.எம்.மின் இடத்தையே 42-50 மெகாஹெர்ட்ஸிலிருந்து இன்று நம் ரேடியோவில் உள்ள 88 பக்கம் மாற்றியது. மக்கள் காசு கொடுத்து வாங்கிய லட்சக்கணக்கான எஃப்.எம். ரேடியோக்கள் ஒரே உத்தரவில் வீண். டெலிவிஷனின் ஒலிக்கும் எஃப்.எம். தான், அதற்கும் ஆர்.சி.ஏ. பணம் கட்டவில்லை. 1948-ல் ஆம்ஸ்ட்ராங் வழக்குப் போட்டார். கம்பெனி வக்கீல்கள் வருஷக்கணக்கில் இழுத்தார்கள். காப்புரிமைக் காலம் முடிந்தது, கையிருப்பும் கரைந்தது. 1953 நவம்பரில் பணத்தைப் பற்றி மேரியனோடு பெரிய சண்டை. 30 வருஷம் கூட வாழ்ந்தவர், சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார்.

1954 ஜனவரி 31 இரவு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, ஆம்ஸ்ட்ராங் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 63. நோட்டரியிடம் முத்திரை வாங்கிய அதே தேதி.

இதைச் சுவரில் எழுதலாமா என்று சாரிடம் கேட்டேன். எழுது, ஆனால் அதோடு நிறுத்தாதே, வழக்கு என்ன ஆச்சு என்பதையும் எழுது என்றார். சரி. மேரியன் விடவில்லை. அதே 1954 டிசம்பரில் ஆர்.சி.ஏ. 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மற்ற கம்பெனிகளோடு ஒவ்வொன்றாக மேரியன் மோதினார். கடைசி வழக்கு மோட்டோரோலாவோடு. அது 1967-ல் முடிந்தது, அதிலும் வெற்றி. எஃப்.எம்.மைக் கண்டுபிடித்தவர் ஆம்ஸ்ட்ராங் தான் என்பது சட்டப்படி உறுதியானது. இன்னும் 13 வருஷம் பொறுத்திருந்தால் அவரே காதால் கேட்டிருக்கலாம்.

பத்து வருஷம் கழித்து, 1977 ஜூலை 23-ல், இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு நம் சென்னையில் தொடங்கியது.

நிலா விஷயம் ஒன்று மிச்சம் இருக்கு. 1946 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தினர் முதல் தடவையாக நிலாவுக்கு ரேடியோ அலையை அனுப்பி, எதிரொலியைத் திரும்பக் கேட்டார்கள். அதற்குப் பயன்பட்ட கருவி முதலில் இந்த ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்தது. ஆக, நிலாவைத் தொட்ட ஆம்ஸ்ட்ராங் இவரும் தான், 23 வருஷம் முன்னாடியே!

யாங்கர்ஸ் வீடு 1980-களில் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. மச்சு அறையும் போச்சு. அக்கரையில் ஆல்பைன் கோபுரம் மட்டும் நின்றது. 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையம் விழுந்தபோது, அதன் உச்சியில் இருந்த ஆன்டெனாக்களும் போய், நியூயார்க்கின் டி.வி. நிலையங்கள் பல நின்றுபோயின. அவை மறுபடி மக்களிடம் பேச, தற்காலிகமாக இடம் கொடுத்தது அந்தக் கோபுரம் தான்.